மெய்ச்சூடு

தனுஷ்கோடியின் ஏழு டிராக்டர்களும் என்ன கொதி கொதித்தாலும் அவற்றுக்கு வலிக்காது. வலிப்பதற்கென்று ஏழு பேரை வேலைக்கு வைத்திருந்தார்.

காலை ஆறு மணிக்கு அந்த ஏழு பேரும் சங்கரப்பொட்டல் கொட்டகை முன்னால் வரிசையாக நின்று, சட்டையைத் தூக்கி, வயிற்றைச் சுற்றிச் சொரணைப்பட்டையைக் கட்டிக்கொள்வார்கள். நான்கு விரல் அகலம், சாம்பல் நிறம், உள்பக்கம் வழுவழுப்பு. கொக்கியை மாட்டியதும் பட்டை ஒருமுறை சிணுங்கும். அதன்பிறகு எஞ்சின் சூடேறினால் கட்டியவரின் வயிறு காயும். எஞ்சின் கொதித்தால் அவர் துடிப்பார். பட்டையைக் கட்டாமல் சாவியைத் திருப்பினால் வண்டி இருமக்கூடச் செய்யாது.

இதைக் கண்டுபிடித்தவர்களை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை. அதற்கு முன்னால் வண்டிகளில் சிவப்பு விளக்கு இருந்தது, எச்சரிக்கை மணி இருந்தது, சூடு காட்டும் முள் இருந்தது. விளக்கு எரிந்தால் இந்த உழவுச் சால் முடியட்டும் என்பார்கள். மணி அடித்தால் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். முள்ளின் யோக்கியதை இன்னும் மோசம். சூட்டை உணரும் அதன் குமிழ், உணர்மணி, தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தால்தான் ஒழுங்காகச் சூட்டைச் சொல்லும். குழாய் வெடித்துத் தண்ணீர் அத்தனையும் போய்விட்டால் உணர்மணி வெறும் காற்றில் தொங்கும்; முள் பதவிசாக இறங்கிவந்து பச்சையில் படுத்துக்கொள்ளும். எஞ்சின் சாகிற நேரத்தில்தான் அது ரொம்ப ஆரோக்கியமாகத் தெரியும். இப்படி வருஷத்துக்கு எத்தனையோ எஞ்சின்கள் சூட்டில் உள்ளே இறுகிப் பிடித்துப்போய் நட்டநடுக்காட்டில் நின்றன.

கம்பெனிக்காரர்கள் யோசித்தார்கள். எச்சரிக்கையை ஏன் மதிக்க மாட்டேனென்கிறான்? சுடுவது இன்னொன்றுக்கு, அதனால்தான். அவனையே சுட்டுவிட்டால் மதிப்பான். எஞ்சினின் இரும்பிலேயே நாற்பது உணர்மணிகளைப் பதித்தார்கள். அவை சொல்வதைப் பட்டை வாங்கி ஓட்டுநரின் நரம்பில் ஏற்றியது. சூடு சொரணை இல்லாதவனே என்று அதுவரை ஓட்டுநர்களைத் திட்டிக்கொண்டிருந்த முதலாளிகள், சொரணையைக் கடையில் வாங்கிவந்து அவர்கள் வயிற்றில் கட்டிவிட்டார்கள்.

ஆளில்லா டிராக்டர்களும் வந்து பார்த்தன. கரிசலில் ஒரு மழைக்கே அச்சுவரை புதைந்து, கிரேன் வைத்துத் தூக்க வேண்டியதாயிற்று. மனிதன் புதைந்தால் அவனே எழுந்து வந்துவிடுவான். அதனால் மனிதர்களையே வைத்துக்கொண்டார்கள். பட்டை வந்த ஐந்து வருஷத்தில் அந்த வட்டாரத்தில் ஓர் எஞ்சின்கூடப் பிடிக்கவில்லை.

ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. சித்திரை வெயில் நாற்பத்தேழு பாகையைத் தொடுகிற ஊரில், உடம்பில் ஏறும் சூடு வெயிலுடையதா வண்டியுடையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெயில்தானே என்று ஓட்டினால் எஞ்சின் போய்விடும். வண்டி என்று நிறுத்திப் பார்த்து, எஞ்சின் குளுகுளுவென்று இருந்தால் கம்பெனிப் படிவத்தில் ஒரு ‘பொய்ச்சூடு’ ஏறும். மூன்று பொய்ச்சூடு சேர்ந்தால் பட்டையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எஞ்சின் நிஜமாகவே சூடாகியிருந்தால் அதற்குப் பெயர் ‘மெய்ச்சூடு’. மெய் என்றால் உடம்பு என்றும் ஒரு பொருள் இருப்பது படிவம் எழுதியவருக்கு ஞாபகம் வரவில்லை.

ஓட்டுநர்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பட்டை நரம்பைத்தான் கிள்ளுகிறது. உடம்பு நிஜத்தில் சூடாவதில்லை. ஆகவே பட்டைச் சூட்டுக்கு வேர்க்காது. காந்தல் எடுத்ததும் பின்கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். கை நனைந்தால் வெயில், பேசாமல் ஓட்டு. கை காய்ந்திருந்தால் வண்டி, நிறுத்து. ஒருநாளும் தப்பாத சோதனை. கம்பெனியே அதைக் கேள்விப்பட்டு மெச்சி, கையேட்டின் பதினோராம் பக்கத்தில் படத்தோடு போட்டது.

அந்தச் சோதனையில் மாரீஸ்வரனை அடிக்க ஆள் கிடையாது. முப்பத்து நான்கு வயது. ஐந்து வருஷத்தில் அவன் பெயரில் ஒரு பொய்ச்சூடுகூட இல்லை. அவன் மனைவி சண்முகப்பிரியாவும் தனுஷ்கோடியிடம்தான் ஓட்டினாள். அவள் கணக்கில் இரண்டு இருந்தன. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும் என்பதால், சந்தேகம் வரும்போதெல்லாம் காதில் மாட்டிய செவிமணியில் அவனைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வாள். கழுத்தைத் தடவு என்பான். தடவுவாள். அவன் சொல்வது எப்போதும் சரியாகவே இருந்தது. கேள்வி கேட்பவள் அவள், பதில் சொல்பவன் அவன் என்பது அவர்களுக்குள் ஒரு விளையாட்டைப்போல ஆகிவிட்டிருந்தது.

கத்திரி தொடங்கி ஐந்தாம் நாள், முறை மாறி அவன் கூப்பிட்டான்.

பகல் ஒரு மணி இருக்கும். அவள் ஓடைக்காட்டில் உழுதுகொண்டிருந்தாள். அவன் இரண்டு மைல் தள்ளி வடக்குத்தாக்கலில், நிழலுக்கு ஓர் உடைமரம்கூட இல்லாத பொட்டலில், சட்டிக்கலப்பை போட்டு உழுதுகொண்டிருந்தான். வயிறு, நெஞ்சு, தலை எல்லாம் காந்துகிறது, ஆனால் முள் பச்சையில் கிடக்கிறது என்றான். முள்ளைப் பார்க்காதீக என்றாள் அவள். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வண்டியை நிறுத்தி ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்ததாகவும், தண்ணீர் ததும்ப இருப்பதாகவும் சொன்னான். அவன் குரலில் பயம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. முதல் பொய்ச்சூடு வாங்கப்போகிறோமோ என்ற எரிச்சல். அதனால்தான் அவளிடம் இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ள நினைத்தான்.

“கழுத்தத் தடவுனீகளா மாமா?”

“தடவுனேன். வேர்வையே இல்ல. காஞ்ச தோலாட்டம் கெடக்கு.”

“அப்ப வண்டிதான்.”

“ஹெட்டுதான் போயிருக்கும்னு நெனைக்கேன். விண்ணு விண்ணுன்னு தெறிக்கி.”

எஞ்சினின் தலைப்பகுதியை ஹெட்டு என்றுதான் அங்கே சொல்வார்கள். அவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள். உள்ளே எங்கேயோ ஓர் இடம் மட்டும் கொதிக்கலாம், முகப்பு வலையில் தண்ணீர் ஊற்றி ஆறவிடுங்கள் என்றாள். கேனில் பத்து லிட்டர் இருந்தது; அவன் குடிப்பதற்கும் அதுதான். அவன் அதைத் தூக்கி முகப்பு வலைமேல் ஊற்றுகிற சத்தம் அவளுக்குச் செவிமணியில் கேட்டது. ஒரு சொட்டு விடாமல் ஊற்றினான். வண்டிக்கு முதலில் காட்டிவிட்டு மிச்சமிருந்தால் குடிப்பதுதான் அவர்கள் பழக்கம்.

ஊற்றுகிற சத்தம் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. அவள் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, இன்னும் ஆறவில்லை என்றான். பிறகு, “கிடாரிக்குத் தண்ணி காட்டுனியா?” என்றான்.

கிடாரியை விற்று மூன்று வருஷமாகிறது.

சண்முகப்பிரியா வண்டியை நிறுத்தினாள். மாமா, மாமா என்று நான்கைந்து தடவை கூப்பிட்டாள். அவன் கிடாரியைப் பற்றித்தான் பேசினான், அதுவும் நாக்குத் தடித்தவன்போல. அவளுக்கு அப்போது புரிந்துவிட்டது. வண்டி இல்லை. கொதிப்பது அவன்.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். தார்ச்சாலை வரைக்கும்தான் வர முடியும், அங்கே கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். முதலாளியைக் கூப்பிட்டாள். கோவில்பட்டியில் இருந்த தனுஷ்கோடி பதறித்தான் போனார். வண்டி ஓட்டத்தில் நிற்கிறதா, அணைத்திருக்கிறானா என்று கேட்டுவிட்டு, ஆள் அனுப்புவதாகச் சொன்னார். ஆள் வர முக்கால் மணி நேரமாகும். தன் டிராக்டரிலேயே போய் அவனை ஏற்றிக்கொண்டு சாலைக்குப் போவது என்று முடிவு செய்தாள். கலப்பையைத் தூக்கி நிறுத்தி, வரப்பென்றும் வாய்க்காலென்றும் பார்க்காமல் முழு வேகத்தில் விட்டாள்.

காலையிலிருந்து உழுத வண்டி. முகப்பு வலை முழுக்கச் சோளத்தட்டைச் சருகும் கரிசல் தூசியும் அடைத்துக் கிடந்தது. உழுகிற வேகத்துக்கு அதில் நுழைகிற காற்று போதும். இந்த வேகத்துக்குப் போதாது.

கால் மைல் போவதற்குள் அவள் வயிற்றில் ஒரு கனல் விழுந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. புருஷன் பொட்டலில் கிடக்கிறான், வயிறு எரியாமல் என்ன செய்யும்? கனல் மேலே ஏறி நெஞ்சைப் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். நான்தான் ஊத்தச் சொன்னேன், குடிக்கிற தண்ணியை நான்தான் ஊத்தச் சொன்னேன் என்று வாய்விட்டு அழுதாள். எரிச்சல் கூடக்கூட அழுகையும் கூடியது. அழுகை கூடக்கூட எரிவதும் நியாயம் என்று பட்டது. கழுத்தைத் தடவிப் பார்க்கத் தோன்றவே இல்லை. எங்கோ ஒரு குழாய் வெடித்த சத்தம் கலப்பையின் ஆட்டத்தில் கலந்துபோயிற்று. ஒரே ஒருமுறை முள்ளைப் பார்த்தாள். அது பச்சைக்கும் கீழே இறங்கி அமைதியாக இருந்தது. அவளுக்கு அந்த நேரத்தில் அதை நம்ப ஆசையாக இருந்தது.

பாதி வழியில் எஞ்சின் ஒரு முறை கத்திவிட்டு நின்றது. பின்சக்கரங்கள் இரண்டும் மண்ணை வாரிக்கொண்டு இழுபட்டு நின்றன. ஐந்து வருஷத்தில் அந்த வட்டாரத்தில் பிடித்த முதல் எஞ்சின் அது. நின்ற கொஞ்ச நேரத்தில், இரும்பின் சூடு மெல்ல இறங்க இறங்க, அவள் வயிற்று எரிச்சலும் இறங்கியது. அப்போதுதான் அது தன்னுடையது இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதைவிட மோசமான ஒன்றை அவள் வாழ்க்கையில் தெரிந்துகொண்டதில்லை.

மீதி ஒரு மைலை ஓடினாள். உழுத கட்டிகளில் செருப்பு நிற்கவில்லை, வெறுங்காலோடு ஓடினாள்.

மாரீஸ்வரன் வண்டியின் முன்பக்கம், ஊற்றின தண்ணீர் காய்ந்த இடத்தில் விழுந்து கிடந்தான். ஒரு கை ரேடியேட்டர் வலைமேல் இருந்தது. உயிர் இருந்தது. தோல் தோசைக்கல்லாகச் சுட்டது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. அவனைத் தூக்கிச் சக்கரக் காப்பின்மேல் சாய்த்துத் தன் சேலைத் தலைப்பால் கட்டினாள். பட்டை அவன் வயிற்றிலேயே இருக்க, அவன் வண்டியில் சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே, ஒரு குறையும் இல்லாமல், பூப்போலக் கிளம்பியது. அவன் அதை நிறுத்தாமல் ஓட்டியிருந்தாலே பத்து நிமிஷத்தில் சாலைக்கு வந்திருப்பான்.

சாலையில் ஆம்புலன்ஸ் அரைமணி நேரமாக நின்றுகொண்டிருந்தது. செவிலிப் பெண் கண்ணை விலக்கிப் பார்த்தாள், கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். எவ்வளவு நேரம் முன்னால் வேர்வை நின்றது என்று கேட்டாள். சண்முகப்பிரியாவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. வெயில் மூளைக்கு ஏறிவிட்டால் வேர்வை நின்றுவிடும், அப்படி நின்றால் ஆபத்து என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். பதினோராம் பக்கத்தில் அது இல்லை. சொல்லி முடித்த பிறகு அவன் முகத்தை மூடினாள்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் கம்பெனியிலிருந்து இம்மானுவேல் வந்தார். தூத்துக்குடிக்காரர், மரியாதை தெரிந்த மனிதர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கொடுத்த தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு, இரண்டு படிவங்களை எடுத்தார்.

முதல் படிவம் இறந்தவனுடையது. அன்று முழுக்க அவன் எஞ்சின் எண்பத்து நான்கு பாகையைத் தாண்டவில்லை. பட்டை ஒருமுறைகூட அவனைத் தொடவில்லை. அவன் உணர்ந்ததெல்லாம் அவனுடைய சொந்தச் சூடு. கருவிகளில் கோளாறு இல்லை. ஓட்டுநர் காரணமின்றி வண்டியை நிறுத்தினார் என்று எழுதி, பொய்ச்சூடு என்ற கட்டத்தில் குறி போட்டார். மாரீஸ்வரன் பெயரில் ஏறிய முதல் பொய்ச்சூடு.

இரண்டாவது அவளுடையது. நூற்று இருபத்தொரு பாகை. பதினோரு நிமிஷம் பட்டை தன்னால் முடிந்த மட்டும் சுட்டிருக்கிறது. சந்தேகமில்லாத மெய்ச்சூடு. அப்படியிருந்தும் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டார். அந்த இடத்தை அவர் நிரப்பியாக வேண்டும்.

“சூடு தெரியலையாம்மா உங்களுக்கு?”

“தெரிஞ்சுது சார். வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுல்லா போனேன். அது வண்டி நெருப்புன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

இம்மானுவேல் அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. ஆனால் அவர் தொழில் புத்தி உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது. ஒருவன் தன் சூட்டை எஞ்சின் சூடு என்று நினைத்தான். ஒருத்தி எஞ்சின் சூட்டைத் தன் சூடு என்று நினைத்தாள். இரண்டு இடத்திலும் பட்டை சரியாக இருந்தது. அப்படியானால் கோளாறு எங்கே? நடுவில் இருக்கிற உடம்பில். அது தானும் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த இரைச்சலில் எஞ்சினின் குரல் கெட்டுப்போகிறது. அன்று சாயங்காலமே அறிக்கை அனுப்பிவிட்டார்.

எட்டு மாதத்தில் புதிய பட்டை வந்தது. ‘தூய சொரணை’ என்று பெயர். கட்டியவுடன் உடம்பின் சொந்தச் சூட்டு நரம்புகளை அது உறங்கவைத்துவிடும். வெயில் தெரியாது, காய்ச்சல் தெரியாது, பயத்தில் எரிகிற வயிறு தெரியாது. எஞ்சினின் சூடு மட்டும், அது வந்தால் மட்டும், தெளிவாகத் தெரியும். கழுத்தைத் தடவுகிற வேலையெல்லாம் இனி இல்லை. கையேட்டிலிருந்து பதினோராம் பக்கத்தை எடுத்துவிட்டார்கள்.

ஓட்டுநர்கள் அதை எதிர்க்கவில்லை. சொல்லப்போனால் கொண்டாடினார்கள். கத்திரி வெயிலில் மார்கழிக் காற்று வீசுவதுபோல இருக்கிறது என்றார்கள். மத்தியான ஓய்வு வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். அந்தக் கோடையில் பொய்ச்சூடு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. பட்டையின் நம்பகம் நூற்றுக்கு நூறு. பதினேழு ஓட்டுநர்கள் இருக்கையிலேயே செத்துக் கிடந்தார்கள். அது ‘உடல்நலக் குறைவு’ என்ற தலைப்பில் வேறொரு துறையின் படிவத்துக்குப் போய்விட்டது.

சண்முகப்பிரியாவைத் தனுஷ்கோடி மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார். இனி உனக்கு அந்தக் குழப்பம் வராது என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று அவளும் வந்தாள். வடக்குத்தாக்கலில் போன வருஷம் பாதியில் நின்ற உழவு அப்படியே கிடந்தது. அங்கேதான் போகச் சொன்னார்.

கொட்டகை முன்னால் சட்டையைத் தூக்கிப் பட்டையைக் கட்டிக்கொண்டாள். அது சிணுங்கியது. ஒரு வருஷமாகத் தின்றாலும் தூங்கினாலும் அவள் வயிற்றை விட்டு இறங்காமல் இருந்த எரிச்சல், விளக்கை அணைத்ததுபோல அணைந்தது. அவளுக்கு அழுகை வந்தது. இவ்வளவு சுகமாக இருக்கக் கூடாது, அது தப்பு என்று தோன்றியது. ஆனாலும் கொக்கியைக் கழற்றவில்லை.

பகல் இரண்டரை மணிக்குத் தனுஷ்கோடி காரில் வந்தார். நாற்பத்தெட்டு பாகை. குடையை விரித்துக்கொண்டு வரப்புவரைக்கும் நடப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. காலையிலிருந்து அவள் இறங்கவே இல்லை, குடிக்கிற கேனின் மூடியும் திறக்கவில்லை என்பது தெரிந்தது. கொஞ்சம் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு ஓட்டு என்று சத்தம் கொடுத்தார். அவள் வண்டியை மெதுவாக்கி அவரைப் பார்த்துச் சிரித்தாள். முகம் காய்ந்து சிவந்திருந்தது.

“குளுகுளுன்னு இருக்கு மாமா. இன்னும் நாலே சால்தான்.”

மாமா என்று அவள் யாரைக் கூப்பிடுவாள் என்பது தனுஷ்கோடிக்குத் தெரியும். அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கைபேசியை எடுத்து அந்த வண்டியின் நிலவரத்தைப் பார்த்தார். எண்பத்து நான்கு பாகை என்று காட்டியது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, குடையை மடக்கிக் காருக்குள் ஏறினார்.